வரோம்னா போறோம்

— …அதான் கேக்குறேண்ணா, என் பேனர்ல இன்னா தப்பு? 'வரோம்!'னு பெருசா போட்டேன். இந்தப் பக்கம் உன் தங்கச்சி மூஞ்சி, அந்தப் பக்கம் சிங்கம் மூஞ்சி, கீழ இந்தியாக் கொடி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல எறங்குறவன் பாதி பேரு அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துக்கினு போறான்!

— சிங்கம் எதுக்கு பாய்?

— பின்ன ஆட்டுக்குட்டியா போடுவாங்க? உலகப் பாட்டு மேடையில இந்தியா மொத தடவ போவுது. எத்தினி நாடு! ஜகார்த்தாவுல இன்னிக்கி சாயங்காலம் பைனல். அதுல நம்ம நாட்டுக்குப் பாடப் போறது வெள்ளிமலைப் பொண்ணு இசைவாணி. சிங்கந்தான் போடணும்.

— அந்தப் புரொஜெக்டர மடியில வச்சிக்க. வளைவு வருது.

— வச்சிக்கினேன், வச்சிக்கினேன். பேச்ச மாத்தாத. ஊரே உன் தங்கச்சியத் தலமேல தூக்கி வச்சிக்கினு ஆடுது. கூடப்பொறந்த அண்ணன் நீ, தமிழழகன்னு பேரு வச்சிக்கினு, ஒரு வார்த்த பேச மாட்டேங்குற. எழவு வூட்டுக்குப் போற மாதிரி ஜீப்பு ஓட்டுற.

— நீதான் ரெண்டு பேருக்கும் சேத்து பேசுறியே.

— சரி வுடு. ஒரு பேஜாரு சொல்றேன் கேளு. ஓட்டு மேட்டரு. நம்ம நாட்டுப் பாட்டுக்கு நம்ம நாட்டுக்காரன் ஓட்டு போடக் கூடாதாம்ண்ணா!

— நீ நேத்து வரைக்கும் மைக் கட்டி, ஓட்டுப் போடுங்க, ஓட்டுப் போடுங்கன்னு கத்திக்கினு இருந்தியே?

— தெரியாம கத்திட்டேன். சத்தியமா அந்த ரூல நான் படிக்கவே இல்ல. இட்லிக் கடைக்கார அம்மா வரைக்கும் போன்ல குத்திட்டு, 'நம்ம பொண்ணுக்குப் போட்டுட்டேன் பாய்'னு சொல்லுது. எல்லாம் வேஸ்ட்டு. இப்ப மலேசியாவுல எங்க ஃபரீன் அக்கா, குவைத்துல நவுஷாத் மாமா, இவங்கதான் ஆளுங்கள சேத்துக்கினு போடணும். வெளிய போனவங்க ஓட்டுதான் உள்ளவங்களுக்கு ஒதவும் போலக்குது.

— ம். அது நல்லாருக்குது, நீ சொன்னது.

— இன்னா சொன்னேன்?

— ஒண்ணியும் இல்ல. பாய், ஒண்ணு கேக்குறேன். அந்தப் பாட்டு இன்னா பாட்டுன்னு நெனச்சிக்கினு இருக்க நீ?

— இன்னா பாட்டா? மாஸ் பாட்டு! 'மலையெறங்கி வரோம் தாயே வரோம்… வாசக்கதவ சாத்தாதீங்க வரோம்… சாமச்சோறு ஆறட்டுமே வரோம்…' அடி தூள். ஒதுங்கி நில்லுங்கடா, நாங்க வரோம்டான்னு. டிவியில கீழ இங்கிலீஷ்ல 'வீ ஆர் கமிங்'னு போட்டான். செமிபைனல்ல அந்த ஊரு ஜனம் பூரா எழுந்து நின்னு கூடவே கத்துச்சு. பேப்பர்ல கூட 'இதோ வருது இந்தியா'ன்னு வந்துச்சே, நீ பாக்கல?

— நீ காலையில கடையத் தொறக்கக் கெளம்பச்சொல்ல உங்கம்மாகிட்ட இன்னா சொல்லுவ?

— இன்னா சொல்லுவேன்… வரேம்மான்னு சொல்லுவேன்.

— அப்ப நீ வரியா, போறியா?

— போறேன்.

— ம்.

— …அட.

— கெட்டியா புடிச்சிக்க. இது பெரிய வளைவு.

— அண்ணா, இரு இரு இரு. அப்ப அது… அப்ப அந்த வரோம்…

— மொளகு எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திக்கினு போற ஜீப்புல எங்க பொம்பளைங்க பாடுறது பாய். கேரளாவுக்கு, குடகுக்கு. கெளம்பச்சொல்ல போறோம்னு வாயில வரக் கூடாது இல்ல? அதான் வரோம். 'சாமச்சோறு ஆறட்டுமே'ன்னா, சாமை அரிசிச் சோறு சூடு ஆறதுக்குள்ள வந்துருவேன்னு கைப்புள்ளைக்கு சொல்ற பொய்யி. சோறு ஆறி, காஞ்சி, பானையக் கழுவிக் கவுத்து, மறுபடியும் வெதச்சி அறுத்தப்பறம்தான் வருவாங்க.

— யா அல்லா. நான் சிங்கம் போட்டுட்டனே!

— போட்டுட்ட.

— காலேஜ் ஆண்டு விழாவுல அவ பாடச்சொல்ல நான்தானே வீடியோ எடுத்து போட்டேன். அன்னிக்கே எனக்குத் தெரியலியேண்ணா. தமிழ்ல தானே பாடுனா! நானும் தமிழன்தானே!

— நீ படம் பாத்துப் பாத்து வரோம்னா அருவாளோட வரான்னு பழகிட்ட. வுடு.

— இசை அங்க எடுத்து சொல்லலியா?

— சொன்னாளாம். டைரக்டரு பாம்பே ஆளு. 'போறது சோகம், வரது ஜோரு. நாடு மொத தடவ மேடை ஏறுது, ஜோராவே இருக்கட்டும்'னுட்டாராம். ரெண்டு டிரம்மு செட்டு ஜாஸ்தி பண்ணிட்டாரு.

— சரி, அது போவட்டும். இப்ப முக்கியமான மேட்டருக்கு வா. கடைசி லைவ்வு. ஒவ்வொரு நாட்டுப் பாட்டும் முடிஞ்ச ஒடனே அந்தப் பாட்டுக்காரங்க வூட்ட லைவ்வா காட்டுவாங்க. கண் மூடித் தொறக்கற நேரம்தான். இந்தியாவுக்கு அந்த லைன நம்ம கிட்டதான் வுட்டுருக்காங்க. கச்சிராயபாளையம் தாண்டுனா என் கடை சிம்மு செத்துடும்னு வேற சிம்மு கூட வாங்கிட்டேன். உங்கம்மா கொடிய ஆட்டிக்கினு 'வரோம்'னு கத்தணும். அவ்ளோதான். நீ அம்மாவ ரெடி பண்ணிட்டியா?

— அம்மா வராது பாய்.

— இன்னாண்ணா இது! இத்த இப்ப சொல்ற?

— ஏழு தடவ போன் பண்ணி நீதான் என்னப் பேச வுடலியே.

— கோவமா அவங்களுக்கு? பொண்ணு வெளிநாடு போய்டுச்சின்னு?

— எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருக்காங்க. இசையே அப்பிடித்தான் நெனைக்கிறா. பாய், அந்தப் பாட்டு நீங்க கேக்கற எடத்துல முடியாது. இன்னும் ஒரு சொல்லு இருக்குது.

— இன்னா சொல்லு?

— ஜீப்புல இருக்கறவங்க வரோம்னு பாடி நிறுத்துவாங்க. கீழ நிக்கிறவங்க, வாங்கன்னு சொல்லணும். வாங்க, வாங்க, வாங்கன்னு ஆளாளுக்கு. அந்த பதிலு காதுல வுழற வரைக்கும் டிரைவரு வண்டிய எடுக்க மாட்டான். நானே எத்தினி தடவ கிளட்ச்ச மிதிச்சிக்கினு காத்துக்கினு நின்னுருக்கேன் தெரியுமா? ஒரு புள்ள அழுதுக்கினு சொல்லாம நிக்கும். ஜீப்பே காத்திருக்கும்.

— அந்த எடத்துலதான் டைரக்டரு டிரம்ம போட்டுட்டாரா?

— அதே எடந்தான்.

— சரி, அதுக்கும் அம்மாவுக்கும்…

— எங்கப்பா முனியன், இசைக்குப் பால் பல்லு வுழுந்துக்கினு இருந்த வயசுல மொளகு எடுக்கப் போனாரு. வரேன்னு சொன்னாரு. அம்மா வாசல்ல நின்னுக்கினு, வா மாமான்னு சொல்லிச்சு. அவ்ளோதான். அந்தப் பருவத்துக்குப் போன எல்லாரும் திரும்பிட்டாங்க. அவுரு வரல. எஸ்டேட்ல கேட்டா, எப்பவோ கணக்க முடிச்சிக்கினு கெளம்பிட்டானேங்கிறாங்க. செத்தாருன்னு சேதியும் இல்ல, இருக்காருன்னு சேதியும் இல்ல. அன்னிலேர்ந்து அந்த வார்த்த எங்கம்மா வாயில வந்ததே இல்ல.

— எந்த வார்த்த? வாவா?

— ஒருத்தருக்கும் சொல்லாது. வூட்டுக்கு வரவங்கள ஒக்காருன்னு சொல்லும். கோழியக் கூட பா பான்னுதான் கூப்புடும். நான் தெனம் வண்டி எடுக்கச்சொல்ல வரேம்மான்னா, 'மெதுவா'ன்னு சொல்லும். எனக்கு அதுவே பழகிப்போச்சு. இசை சின்னதுலேர்ந்து ஹாஸ்டல்ல வளந்தவ. அவளுக்கு இது ஒண்ணியும் தெரியாது. தெரிய வேணாம்னு நானும் வுட்டுட்டேன்.

— அண்ணா.

— இன்னா?

— வண்டிய கொஞ்சம் வேகமா ஓட்டுண்ணா. எனக்கு உங்கம்மாவப் பாக்கணும்.

*

— யாரு, தமிழா? கூட யாரு?

— அப்சலும்மா. கள்ளக்குறிச்சியில செல்லுக் கடை. காஜா மைதீன் பாய் மவன். அன்னிக்கி இசையோட பேனரு ஒண்ணு…

— சிங்கம் போட்ட புள்ளையா?

— அது தெரியாம போட்டேம்மா. எறக்கிடறேன்.

— ஒக்காரு சாமி.

— ஆங், சரிம்மா. அண்ணா, நீ சொன்ன மாதிரியே ஒக்காருன்னு சொல்லுதுண்ணா…

— காதுல வுழுது பாய். மெதுவா பேசு.

— கேப்பக் கூழு இருக்குது. குடிக்கிறியா சாமி? வண்டியில குலுங்கி வந்துருப்ப.

— அப்பறம் குடிக்கிறேம்மா. தைலம்மா… அம்மா, மேட்டர் இன்னான்னா, வெள்ளிமலை கிரவுண்டுல தெர கட்டி வச்சிருக்குது. கரண்ட்டு போனாக் கூட ஜெனரேட்டர் இருக்குது. ஊரே அங்கதான் இருக்குது. நீங்க வந்து நின்னா போதும். உங்க மூஞ்சிய அத்தினி நாடும் பாக்கும்!

— என் மூஞ்சிய அத்தினி நாடு பாத்து இன்னா பண்ணப் போவுது?

— நாடு பண்ணாது. இசை பாப்பாளே.

— நான் அவளப் பாத்தேன். எதுர் வூட்டு டிவியில போட்டாங்க. பளபளன்னு துணி போட்டுக்கினு கைய அப்பிடியும் இப்பிடியும் ஆட்டுறா.

— அது டான்ஸும்மா. அங்க அப்பிடித்தான்.

— அந்தப் பாட்டுக்குக் கைய ஆட்டக் கூடாது சாமி. ஒரு கையில மூட்ட இருக்கும், ஒரு கையில புள்ள இருக்கும். ஆட்டுறதுக்குக் கை ஏது?

— …இத்த யாராச்சும் அந்த டைரக்டருகிட்ட சொல்லியிருக்கணும்.

— யம்மா, நான் நேராவே கேக்குறேன். இசை கெளம்பச்சொல்ல வாசல்ல நின்னு வரேம்மான்னு சொன்னாளே, நீ மொறத்தப் பாத்துக்கினே இருந்துட்டியே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னாம்மா?

— தமிழா, ஆளுங்க எதுர்ல இத்தயெல்லாம்…

— பாய் நம்ம வூட்டு ஆளு. சொல்லும்மா.

— அந்த வார்த்தைய நான் ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். அவுரு இன்னும் திருப்பிக் குடுக்கல. இன்னொருத்தருக்குக் குடுக்க எங்கிட்ட ஏது? இன்னா சாமி, கண்ணத் தொடச்சிக்கிற? தூசியா? சாம பொடைக்கிறேன் இல்ல, அந்தாண்ட தள்ளி ஒக்காரு.

— தூசிதாம்மா. அண்ணா, போன் அடிக்குது! இசை! ஜகார்த்தா நம்பரு! ஐயோ, சிக்னல் போவுதே, எங்க வைக்கிறது?

— கோழிக் கூண்டு மேல வையி பாய். அங்கதான் எடுக்கும்.

— ஸ்பீக்கர்ல போடுறேன். ஹலோ, இசை! ஹலோ!

— அப்சலு! கேக்குதா? அண்ணன் இருக்கானா?

— இருக்கேன் இசை. எப்பிடிக்கீற? சாப்ட்டியா?

— சோறு எறங்கலண்ணா. அம்மா? அம்மா வந்துச்சா கிரவுண்டுக்கு?

— அம்மா… அம்மா இங்க… இரு இசை. பாய், மைக்க அமுக்கு, அம்மா இன்னாவோ சொல்லுது.

— தமிழா. நான் இல்லன்னு சொல்லு. அந்தாண்ட போயிருக்குதுன்னு சொல்லு.

— …அம்மா அந்தாண்ட போயிருக்குது இசை.

— வராது. எனக்குத் தெரியும். அண்ணா, கேளு, எனக்கு டைம் கம்மி. ரிகர்சல்ல கடைசி வரி பாட முடியல. வரோம்னு நிறுத்துனா அழுதுடுறேன். தாளம் வுட்டுப்போவுது. டைரக்டரு கன்னாபின்னான்னு திட்டுறாரு. இந்தியா மானமே உன் தொண்டையில இருக்குதும்மாங்கிறாரு. அவருக்கு இன்னா தெரியும்? நான் அன்னிக்கி படி எறங்காம நின்னேண்ணா. நீ ஹாரன் அடிச்சிக்கினே இருந்த. அது நிமிந்தே பாக்கல. பதிலு வாங்காம படி எறங்குனவ நான். அந்தப் பாட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கினு பாடுவேன்?

— அதுக்கு ஒரு காரணம் இருக்குது இசை. நீ வந்தப்பறம் சொல்றேன்.

— வந்துடுறேண்ணா. அதான் சொல்ல வந்தேன். இங்க ஒரு பாட்டுக் காலேஜு. செமிபைனல் கேட்டுட்டு ஒரு டீச்சரம்மா வந்தாங்க. மூணு வருசம் இங்கயே வச்சி சொல்லிக் குடுக்கறோம், சோறு, ரூம்பு எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்னாங்க. எழுதின பாட்டு, எழுதாத பாட்டு எல்லாம் படிக்கலாமாம்.

— அடி சக்க! இசை! சூப்பரு! ஒத்துக்கினியா?

— வேணாம்னுட்டேன் அப்சலு.

— ஏய்! லூசாடி நீ?

— அம்மா தனியா இருக்குது. அப்பா மாதிரி நானும் போய்ட்டேன்னு நெனச்சிக்கினு இருக்குது. அதுக்கு மேல இன்னா படிப்பு? சாயங்காலம் வரைக்கும் யோசிச்சி சொல்லுன்னாங்க. நான் யோசிக்கல. அண்ணா, அம்மா அந்த லைவ்வுல வரோம்னு கத்த வேணாம். கொடி கூட வேணாம். ஒரே ஒரு வா சொல்லச் சொல்லு. அது சொல்லிட்டா நாளைக்கே மொத பிளேன் ஏறி வூட்டுக்கு வந்துடுவேன். சத்தியமா. கூப்புடுறாங்க. வெக்கிறேண்ணா. வரேன்.

— வா இசை.

— வா இசை! நல்லா பாடு! …ஹலோ? கட்டாயிடுச்சு.

— யம்மா?

— மூணு வருசமா சாமி?

— ஆமாம்மா.

— மூட்ட தூக்கற வேலையா?

— இல்லம்மா! பாட்டு. பாட்டு மட்டும்தான்.

— காட்டுல தங்கணுமா?

— பெரிய பில்டிங்கும்மா. ஊர் நடுவுல. போட்டோ காட்டட்டா?

— வேணாம். சோறு போடுவாங்கன்னா?

— போடுவாங்க.

— நான் வரச் சொன்னா வந்துடுவேன்னு சொன்னா.

— சத்தியமான்னு சொன்னா. கேட்டீங்க இல்ல?

— கேட்டேன். …தமிழா, ஜீப்ப எடு.

— யம்மா! நெசமாவா? சொல்லுவியா?

— சேல மாத்திக்கினு வரேன்.

— பாய், நீ பதிலு சொல்லு. நான் ஜீப்ப எடுக்குறேன்.

— நானா? …வாங்கம்மா! வாங்க! மெதுவா வாங்க, டைம் இருக்குது!

*

— நவுருங்க, நவுருங்க, வயர மிதிக்காதீங்க! அம்மா, இப்பிடி இந்த சேர்ல. நேரா இந்த போன பாருங்க. இந்த லைட்டு செவப்பா மாறுச்சின்னா நீங்க உலகத்துக்கே தெரிவீங்க. அண்ணா, கொடிய அம்மா கையில குடு.

— வேணாம் சாமி. கை காலியாவே இருக்கட்டும்.

— அங்கேர்ந்து கொடி கட்டாயம்னு சொல்லிக்கினு இருக்காங்கம்மா…

— பாய். வுட்டுடு.

— சரி. சரி. ஹலோ மக்களே, நம்ம கள்ளக்குறிச்சி யூடியூப் சேனல்ல பாத்துக்கினு இருக்கறவங்களுக்கு வணக்கம், ரெண்டாவது போன்ல உங்களுக்கும் லைவ் ஓடிக்கினு இருக்குது. ஒரே கூட்டம். இப்ப பிலிப்பைன்ஸ் முடியப் போவுது. அடுத்தது நாமதான். யா அல்லா, அந்தத் தண்ணி பாட்டில இப்பிடிக் குடுண்ணா.

— நீ பாடப் போறியா, அவ பாடப் போறாளா?

— சும்மா இருண்ணா. தோ! தோ! இந்தியா! கொடி வந்துருச்சு! அம்மா, இசை!

— பளபளா துணி போடல பாய்.

— ஆமாண்ணா! காலேஜுக்குப் போட்டுக்கினு வருவாளே, அந்தப் பச்ச சுடிதாரு! டைரக்டரு எப்பிடி வுட்டாரு? டிரம்முக்காரங்க எங்க?

— இருக்காங்க. கைய கட்டிக்கினு நிக்கிறாங்க.

— டிரம்மு இல்லாமயா? போச்சு. ஓட்டு போச்சு. அண்ணா, நான் பாக்க மாட்டேன், நீ சொல்லு.

— கண்ணத் தொற பாய். அவ கையப் பாரு.

— ஆட்டலண்ணா. ஒரு கைய இடுப்புல வச்சிருக்கா… புள்ளய வச்சிருக்கற மாதிரி. இன்னொரு கை… யம்மா, நீங்க சொன்னது! மூட்ட! யாரு அவளுக்குச் சொன்னது?

— யாரும் சொல்லல சாமி. அவளும் எந்த ஜீப்பு பின்னாடியோ நின்னு பாத்தவதானே.

— ஜனம் எழுந்து நிக்கல. கூட கத்தல. ஊசி வுழுந்தா கேக்கும் போல.

— கடைசி வரி வருது. பாய், போன சரியா புடி.

— ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினேன். 'வாசக்கதவ சாத்தாதீங்க'… பாடிட்டா… 'சாமச்சோறு ஆறட்டுமே'…

— இழுத்து மூச்சு எடுக்கறா.

— '…வரேன் தாயே, வரேன்.' அண்ணா! வரோம்னு பாடல! வரேன்னு பாடிட்டா!

— நிறுத்திட்டா. அழாம நிறுத்திட்டா. பதிலுக்கு நிக்கிறா பாய்.

— செவப்பு! செவப்பு லைட்டு! அம்மா, இப்ப! தெரையில பாருங்க, நீங்க வந்துட்டீங்க! சொல்லுங்கம்மா! அம்மா, லைன் போய்டும்!

— யம்மா, சொல்லும்மா. ஒரே எழுத்துதாம்மா.

— போ.

— …யம்மா?

— போ கண்ணு. திரும்பிப் பாக்காம போ.

— யம்மா! இன்னா வார்த்த சொல்லிட்ட! யாரு வூட்ல அந்த வார்த்தைய சொல்லுவாங்க! அதுவும் புள்ள அவ்ளோ தூரத்துல தனியா நிக்கச்சொல்ல!

— லைன் முடிஞ்சிருச்சு. தமிழண்ணா, நீ இங்க கத்தாத, தெரையப் பாரு. கீழ இங்கிலீஷ்ல இன்னா போட்டான் பாத்தியா? 'கோ'! கோன்னு போட்டான்! அந்த ஜனம் பூரா எழுந்து நின்னுக்கினு கோ, கோ, கோன்னு கத்துது! வெளாட்டுல கத்துவாங்களே, அப்பிடி! ஜெயிடின்னு அம்மா சொல்லுதுன்னு நெனச்சிக்கினாங்கண்ணா. மறுபடியும் தப்பா புரிஞ்சிக்கினாங்க!

— அவங்கள வுடு. இசை? இசை மூஞ்சி தெரியல எனக்கு.

— அழுவுறாண்ணா.

— இல்ல பாய். சிரிக்கிறா.

— அழுவுறாண்ணா, நல்லாப் பாரு… இல்ல. இரு. ரெண்டும் இல்ல. தலைய ஆட்டுறா. ம்னு. சின்னப் புள்ள சொன்ன பேச்சுக்கு ஆட்டுமே, அப்பிடி.

— இடுப்புல வச்சிருந்த கைய எடுத்துட்டா.

— தமிழா.

— இன்னாம்மா.

— வூட்டுக்குப் போலாம். சோறு ஆறிப்போவும்.

— ஓட்டு எண்ண வேணாமா? எத்தினி மார்க்குன்னு பாக்க வேணாமா? மலேசியாவுல ஃபரீன் அக்கா ஆளுங்கள சேத்து வச்சிருக்குதும்மா!

— நான் சொல்ல வேண்டியது சொல்லிட்டேன் சாமி. அவங்க அவங்க சொல்ல வேண்டியத அவங்க சொல்லிக்கட்டும்.

— யம்மா, ஒரு நிமிஷம். எனக்கு மட்டும் சொல்லுங்க. கோவத்துல சொன்னீங்களா? இல்ல, காலேஜுக்கு…

— ஜீப்புல போய் ஒக்காருறேன் தமிழா. மெதுவா எடு.

— …அண்ணா, ஒண்ணியும் சொல்லாம போவுதே.

— கூட்டம் பூரா என்னப் பாக்குது பாய். பெத்தவளே போன்னு சொல்லிட்டாளேன்னு பேசிக்கினு இருக்காங்க.

— பேசட்டும். இரு, நான் யோசிக்கிறேன். உங்கப்பாவுக்கு வான்னு சொல்லிச்சு. அவுரு வரல. இல்ல?

— ம்.

— இவளுக்கு வான்னு சொன்னா ஒடனே வந்துடுவா, படிப்ப வுட்டுட்டு. போன்னு சொல்லியிருக்குது. அப்ப வான்னதுக்கு வராம போனாருன்னா, போன்னதுக்கு…

— பாய், வேணாம். எனக்குத் தலய சுத்துது.

— இல்லண்ணா, கேளு, அது கணக்கு சரியா… இரு, மெசேஜ் வருது. இசை! மேடையிலேர்ந்து எறங்குன ஒடனே போட்டிருக்கா!

— இன்னா போட்டிருக்கா? படி.

— 'அண்ணா, அம்மாகிட்ட சொல்லு…'

— சொல்லு பாய், இன்னா?

— '…அம்மாகிட்ட சொல்லு, போறேன்.'

— போறேன்னா?

— போறேன்னுதான் இருக்குது. வரேன்னு இல்ல. நாலு தடவ படிச்சிட்டேன்.

— எங்க வூட்ல எவனும் இந்த வார்த்தைய எழுதுனதே இல்ல பாய். அம்மா ஜீப்புல ஒக்காந்துக்கினு இருக்குது. நான் இத்தப் போய் எப்பிடி சொல்லுவேன்? கேட்டுட்டு அது சும்மா இருக்குமா? பதிலு சொல்லணும் இல்ல?

— இருண்ணா, நம்ம சேனலு இன்னும் ஓடிக்கினுதான் இருக்குது, கேட்டுடலாம். மக்களே, லைன்ல இருக்கீங்களா? எல்லாத்தையும் பாத்துட்டீங்க. வரேன்னா வான்னு சொல்லணும், அது நம்ம எல்லாருக்கும் தெரியும். போறேன்னு ஒருத்தி சொல்லிட்டா, பெத்தவ இன்னா பதிலு சொல்லணும்? சொல்லுங்க, நீங்க இன்னா நெனைக்கிறீங்க?